புல்வெளித் தெளிப்பான்களும் தண்ணீர்ச் செலவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுப் புல்வெளிக்குத் தெளிப்பான் வைத்திருப்பவர்களும் வைக்க நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது: எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பது பலருக்குத் தெரியும், எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் விழுகிறது என்பது தெரிவதில்லை. பில் ஏறுவது இந்த இடைவெளியில்தான்.

புல்வெளிக்கு வாரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும். 100 சதுர மீட்டர் புல்வெளிக்கு 25 மி.மீ. கொடுப்பது என்றால் 2,500 லிட்டர்.

எத்தனை மி.மீ. என்பது வெயில், காற்று, புல்லின் வகை மூன்றையும் பொறுத்தது. நாளொன்றுக்கு 6 மி.மீ. ஆவியாகக்கூடிய கடும் வெயிலில், அருகம்புல் போல வெப்பம் தாங்கும் வகைகளுக்கு அதில் சுமார் 60 சதவீதம் போதும். அதாவது 3.6 மி.மீ., வாரத்துக்கு ஏறத்தாழ 25 மி.மீ. குளிர்ப் பிரதேசப் புல் வகைகளுக்கு 80 சதவீதம் வரை தேவைப்படும். மேகமூட்டமான நாட்களில் ஆவியாதல் 3 மி.மீ.க்கு இறங்கிவிட்டால் அதே அருகம்புல்லுக்கு வாரம் 12, 13 மி.மீ. தாராளம். வெயில் காலத்தில் வைத்த டைமரை மாற்றாமலே விட்டால், அந்த வாரங்களில் இரண்டு மடங்கு ஊற்றுகிறீர்கள். வேர் குடித்தது போக மீதி கீழே இறங்கி வீணாகும்.

என் தெளிப்பான் எத்தனை மி.மீ. ஊற்றுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கப் வைத்து அளப்பதுதான் வழி. எந்தச் சாமானும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, நேர்ச்சுவர் கொண்ட டப்பாக்கள் 16 எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சிலவற்றைத் தெளிப்பானிலிருந்து அரை மீட்டர் தள்ளியும், சிலவற்றை இரண்டு தெளிப்பான்களுக்கு நடுவிலும், சிலவற்றை மூலைகளிலும் வையுங்கள். காற்றில்லாத வேளையில், வழக்கமாக ஓடும் அதே நேரத்தில், 15 நிமிடம் ஓட விடுங்கள். பிறகு ஸ்கேலை ஒவ்வொரு டப்பாவிலும் நிறுத்தி மி.மீ. குறித்துக்கொள்ளுங்கள்.

சராசரியை 4 ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கான அளவு வரும். சராசரி 9 மி.மீ. என்றால் மணிக்கு 36 மி.மீ. இதோடு நிறுத்திவிடக் கூடாது. மிகக் குறைவாக நிறைந்த 4 டப்பாக்களின் சராசரியைத் தனியே எடுங்கள். அது 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 5ஐ 9 ஆல் வகுத்தால் 0.55. இதுதான் உங்கள் புல்வெளியின் சீர்மை, அதாவது தண்ணீர் எவ்வளவு சமமாக விழுகிறது என்பதன் அளவு. 0.7க்கு மேல் இருந்தால் நல்லது, 0.6க்குக் கீழே இருந்தால் அமைப்பில் கோளாறு. 0.55 என்றால், காய்ந்து கிடக்கும் மூலைக்குப் போதுமான தண்ணீர் சேர்வதற்காக மொத்தப் புல்வெளியையும் 1.8 மடங்கு நேரம் நனைக்க வேண்டும். மூலை காய்கிறதே என்று டைமரைக் கூட்டிக்கொண்டே போவதற்குப் பதில் சாய்ந்த ஒரு ஹெட்டை (தண்ணீர் வீசும் தலைப்பகுதியை) நிமிர்த்துவது எவ்வளவோ மலிவு.

நேர்ச்சுவர் டப்பா கிடைக்கவில்லையா? கப்பில் சேர்ந்ததை மில்லிலிட்டரில் அளந்து, கப் வாயின் பரப்பளவால் (சதுர செ.மீ.) வகுத்து, 10 ஆல் பெருக்குங்கள். அதே மி.மீ. வந்துவிடும்.

ஸ்பிரே ஹெட், ரோட்டர், பல தாரைச் சுழல் நாசில்: எதை வாங்குவது?

நாசில் என்பது ஹெட்டின் முனையில் தண்ணீர் வெளிவரும் துளைப்பகுதி. விசிறி போல ஒரே நேரத்தில் முழுப் பரப்பையும் நனைக்கும் ஸ்பிரே நாசில் மணிக்கு 35 முதல் 45 மி.மீ. வரை கொட்டும். ஒற்றைத் தாரையாகச் சுழலும் ரோட்டர் 8 முதல் 15 மி.மீ. மெல்லிய பல தாரைகளாக மெதுவாகச் சுழலும் நாசில் 10, 12 மி.மீ. அளவில் கொடுக்கும். 8 மி.மீ. கொடுக்க ஸ்பிரேக்கு 12 நிமிடம் போதும். பல தாரை நாசிலுக்கு 40 முதல் 48 நிமிடம் ஆகும். அதிக நேரம் ஓடுவதைப் பார்த்து அதிகத் தண்ணீர் செலவாகிறது என்று நினைத்துவிடாதீர்கள். மெதுவாக விழும் தண்ணீரை மண் வாங்கிக்கொள்ளும், காற்றும் அதிகம் அடித்துக்கொண்டு போகாது.

வீட்டு அளவுப் புல்வெளிக்குப் பல தாரை நாசிலையே பரிந்துரைப்போம். பெரும்பாலான ஸ்பிரே உடல்களிலேயே அது திருகிக்கொள்ளும். பைப்பைத் தோண்ட வேண்டியதில்லை. அதற்கு 2.8 பார் அழுத்தம் வேண்டும், அடியில் வரும் சிறு வடிகட்டியைக் கழற்றி எறியக் கூடாது. 8 மீட்டருக்கு மேல் அகலமான திறந்த வெளிக்கு ரோட்டர் பொருந்தும்.

எதை வாங்கினாலும் ஒரே வால்வில் இரண்டு வகையைக் கலக்காதீர்கள். ரோட்டர் பக்கம் நனைய வேண்டிய நேரத்துக்குள் ஸ்பிரே பக்கம் மூன்று நான்கு மடங்கு ஊறிப்போகும்.

எத்தனை ஹெட் தேவை, எவ்வளவு இடைவெளி விடலாம்?

ஒரு ஹெட்டின் தண்ணீர் அடுத்த ஹெட்டின் காலடி வரை எட்ட வேண்டும். 4.5 மீட்டர் தூரம் வீசும் நாசில் என்றால் இடைவெளியும் 4.5 மீட்டர். ஓரங்கள் தொட்டுக்கொண்டால் போதும் என்று 9 மீட்டருக்கு ஒன்று வைத்தால் நடுவில் வட்டம் வட்டமாகக் காயும். ஒரு தெளிப்பான் தன் எல்லையின் விளிம்பில் மிகக் குறைவாகவே தண்ணீர் போடுகிறது. பக்கத்து ஹெட்தான் அந்தக் குறையை நிரப்ப வேண்டும்.

9 மீட்டருக்கு 9 மீட்டர் சதுரப் புல்வெளியை எடுத்துக்கொள்வோம். நான்கு மூலையில் கால் வட்டம், நான்கு பக்கத்தின் நடுவில் அரை வட்டம், மையத்தில் ஒரு முழு வட்டம், மொத்தம் 9 ஹெட். 2.1 பார் அழுத்தத்தில் 4.5 மீட்டர் ஸ்பிரே நாசில் கால் வட்டத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 3.5 லிட்டர், அரை வட்டத்துக்கு 7, முழு வட்டத்துக்கு 14 லிட்டர் எடுக்கும். கூட்டினால் நிமிடத்துக்கு 56 லிட்டர். சாதாரண வீட்டு இணைப்பு இதைத் தாங்காது.

உங்கள் இணைப்பு எவ்வளவு தரும் என்பதற்கு ஒரு வாளி போதும். 10 லிட்டர் வாளி 20 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 30 லிட்டர். அதில் முக்கால் பங்கை, 22 லிட்டரை, மட்டும் கணக்கில் எடுங்கள். 56ஐ 22 ஆல் வகுத்தால் 2.5, அதாவது மூன்று மண்டலம் (ஒரே வால்வில் சேர்ந்து ஓடும் ஹெட்டுகளின் தொகுப்பு), மூன்று வால்வு. இதே புல்வெளிக்குப் பல தாரை நாசில் போட்டால் மொத்தமே 15 லிட்டர்தான். ஒரு வால்வில் முடிந்துவிடும். நாசில் விலை கூடுதல் என்று தயங்குபவர்கள் மிச்சமாகும் இரண்டு வால்வையும் பைப்பையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

பைப் அளவையும் சேர்த்தே சொல்லிவிடுவோம்: தண்ணீரின் வேகம் நொடிக்கு 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. 25 மி.மீ. பி.வி.சி. பைப்பில் அது நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர், 32 மி.மீ. பைப்பில் சுமார் 50 லிட்டர்.

மொட்டை மாடித் தொட்டியின் அழுத்தம் போதாதா?

போதாது. 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார்தான் கிடைக்கும். தொட்டி தரையிலிருந்து 7 மீட்டரில் இருந்தால் 0.7 பார், அதிலும் பைப் உராய்வில் கொஞ்சம் போகும். தண்ணீர் வரும்போது தரையிலிருந்து மேலே வரும் பாப்-அப் ஹெட் முழுதாக எழும்பாது. எழும்பாததால் கழுத்து ரப்பர் சீல் பிடிக்காமல் தண்ணீர் அங்கேயே கொப்பளித்து வழியும். ஹெட் பழுது என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

அழுத்தம் கூட்டும் பூஸ்டர் பம்ப் வேண்டும். குதிரைத்திறனைச் சொல்லி வாங்காதீர்கள். "நிமிடத்துக்கு 25 லிட்டர், 30 மீட்டர் ஹெட்டில்" என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள் (இங்கே ஹெட் என்பது பம்ப் தண்ணீரைத் தள்ளும் உயரம், 30 மீட்டர் என்றால் 3 பார்). கன்ட்ரோலரின் (வால்வுகளை நேரப்படி திறந்து மூடும் டைமர் பெட்டியின்) 24 வோல்ட் முனையில் மோட்டாரை நேராக மாட்டக் கூடாது, நடுவில் ஒரு பம்ப் ரிலே (சிறு மின்சாரத்தால் மோட்டாரை இயக்கும் ஸ்விட்ச்) வேண்டும். தொட்டி காலியானால் மோட்டாரை நிறுத்தும் மிதவை ஸ்விட்ச்சும் கட்டாயம். விடியற்காலை நான்கு மணிக்கு வறட்டு ஓட்டம் ஓடினால் பார்க்க யாரும் விழித்திருக்க மாட்டார்கள்.

அழுத்தம் அதிகமாக இருப்பது நல்லதுதானே?

இல்லை. அழுத்தம் இரண்டு மடங்கானால் நாசில் வழியே போகும் தண்ணீர் 41 சதவீதம் கூடும். 2.1 பாரில் ஓட வேண்டிய ஸ்பிரே 4.2 பாரில் ஓடினால் அவ்வளவும் பில்லில் ஏறும், புல்லுக்கு அவ்வளவும் போய்ச் சேராது. ஹெட்டைச் சுற்றிப் பனிமூட்டம் போல வெள்ளையாகத் தெரிந்தால் அழுத்தம் மிகை என்று அர்த்தம். அந்தத் துளிகள் தரைக்கு வராமல் காற்றோடு போகின்றன. உள்ளேயே அழுத்தம் சீராக்கும் ஹெட் கிடைக்கிறது. அல்லது மண்டலத்துக்கு முன்னால் ஒரு அழுத்தக் குறைப்பு வால்வு போடலாம்.

எந்த நேரத்தில், எத்தனை நாளைக்கு ஒரு முறை பாய்ச்சுவது?

விடிவதற்குச் சற்று முன்னும் விடிந்த உடனும். காற்று குறைவு, ஆவியாதல் குறைவு, வெயில் வந்ததும் இலை உலர்ந்துவிடும். மாலையில் நனைத்தால் இரவு முழுக்க ஈரம் நின்று பூஞ்சை வரும்.

இடைவெளியை மண் முடிவு செய்யும். வேர் 15 செ.மீ. ஆழம் இருந்தால், நல்ல வண்டல் கலந்த மண் அந்த ஆழத்துக்குள் புல் எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீராகச் சுமார் 22 மி.மீ. வைத்திருக்கும். பாதி தீர்ந்ததும் நிரப்ப வேண்டும், 11 மி.மீ. நாளுக்கு 3.6 மி.மீ. செலவானால் மூன்று நாளைக்கு ஒரு முறை. மணற்பாங்கான மண் இதில் பாதிகூடத் தாங்காது, அங்கே ஒரு நாள் விட்டு ஒரு நாள் குறைந்த அளவு கொடுக்க வேண்டும். தினமும் ஐந்து நிமிடம் என்ற பழக்கம்தான் மோசமானது. மேல் இரண்டு செ.மீ. மட்டும் நனைந்து ஆவியாகும், வேரும் மேலேயே தங்கிவிடும்.

களிமண் என்றால் இன்னொரு சிக்கல். அது மணிக்கு 5 மி.மீ. அளவில்தான் உறிஞ்சும், ஸ்பிரேயோ 40 மி.மீ. கொட்டும். நாலைந்து நிமிடத்தில் தண்ணீர் தரையில் மினுங்கி நடைபாதைக்கு ஓட ஆரம்பிக்கும். அந்த நிமிடத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 16 நிமிடம் தேவை என்றால் நான்கு நான்கு நிமிடமாக, நடுவில் ஒரு மணி நேரம் ஊற விட்டு, நான்கு தவணையில் கொடுங்கள். சரியாக நனைந்ததா என்று பார்க்க மறுநாள் நீளமான திருப்புளி ஒன்றைக் குத்துங்கள், 15 செ.மீ. வரை எளிதாக இறங்க வேண்டும்.

டைமரில் 10 நிமிடம்தான் வைத்தேன், ஒரே நாளில் மூன்று முறை ஓடுகிறது. ஏன்?

அதிகப்படியான பில்லுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது. கன்ட்ரோலரில் தொடக்க நேரம் என்பது ஒரு மண்டலத்துக்கானது அல்ல, முழு புரோகிராமுக்கானது. ஒரே ஒரு தொடக்க நேரம் வைத்தாலே எல்லா மண்டலமும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி முடிக்கும். மூன்று மண்டலத்துக்கு மூன்று நேரம் என்று 5:00, 5:10, 5:20 வைத்தால் முழுச் சுற்றும் மூன்று முறை ஓடும். தேவையற்ற தொடக்க நேரங்களை அழியுங்கள். புரோகிராம் பி, சி என்று வேறு இருக்கும். அவற்றில் பழைய நேரம் மறைந்து கிடக்கிறதா என்றும் திறந்து பாருங்கள். பழைய மாடல்கள் சில, மின்சாரம் போய் வந்தால் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பி தினமும் ஓட ஆரம்பிக்கும். அவற்றின் பேட்டரியை ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள்.

பில்லில் புல்வெளியின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுவது எப்படி?

வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைக் குறியுங்கள். ஒரு முழுச் சுற்று ஓட விட்டு மறுபடி குறியுங்கள். வித்தியாசத்தை மாதச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள்.

இப்போது விலை. பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் கூடும் படிநிலைக் கட்டணம் உள்ள இடத்தில் சராசரி விலையைப் போட்டுப் பார்க்கக் கூடாது. சமையலும் குளியலும் கீழ்ப்படியில் அடங்கிவிடும்; மேல்படிக்குத் தள்ளுவது புல்வெளி. அதனால் புல்வெளியின் ஒவ்வொரு லிட்டருக்கும் உங்கள் பில்லில் உள்ள உச்ச விலையையே போடுங்கள். கழிவுநீர்க் கட்டணத்தைத் தண்ணீர் மீட்டரை வைத்தே போடும் இடங்களில், சாக்கடைக்கே போகாத தோட்டத் தண்ணீருக்கும் சேர்த்துக் கட்டுவீர்கள். தோட்டத்துக்குத் தனி மீட்டர் அனுமதி உண்டா என்று விசாரிப்பது பலன் தரலாம்.

மின்சாரச் செலவு நினைப்பதைவிடக் குறைவு. 1,000 லிட்டரை 30 மீட்டர் ஹெட்டுக்குத் தள்ள, 40 சதவீதத் திறனுள்ள பம்ப்புக்கு 0.2 யூனிட் போதும். 100 மீட்டர் ஆழ்துளைக் கிணறு என்றால் சுமார் 0.7 யூனிட்.

ஓடி முடித்த பிறகும் ஒரு ஹெட்டிலிருந்து தண்ணீர் வழிகிறது. என்ன கோளாறு?

எவ்வளவு நேரம் வழிகிறது என்று பாருங்கள். தாழ்வான ஹெட்டில் மட்டும் வழிந்து பத்து, இருபது நிமிடத்தில் நின்றுவிட்டால் பைப்பில் தேங்கிய தண்ணீர்தான் வடிகிறது. 32 மி.மீ. பைப் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.6 லிட்டர் பிடிக்கும். 30 மீட்டர் பைப் என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் 18 லிட்டர். நான்கு தவணையாக ஓட்டினால் நான்கு முறை. உள்ளே செக் வால்வு (தேங்கிய தண்ணீர் வடியாமல் தடுப்பது) உள்ள ஹெட்டை அந்த இடத்தில் மாட்டினால் நிற்கும்.

நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தால், மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு முழுதாக மூடவில்லை. நிமிடத்துக்கு 0.2 லிட்டர் என்பது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, நாளுக்கு 288 லிட்டர் ஆகும். பிரதான வால்வை மூடுங்கள். சோலனாய்டு வால்வின் மேல்மூடித் திருகுகளைக் கழற்றுங்கள். உள்ளே ஸ்பிரிங்கும் ரப்பர் டயஃப்ரமும் எந்தப் பக்கமாக இருக்கின்றன என்று போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே எடுங்கள். பெரும்பாலும் டயஃப்ரம் உட்காரும் விளிம்பில் ஒரு மணல் துகள் ஒட்டியிருக்கும். கழுவித் துடையுங்கள். டயஃப்ரத்தை வெளிச்சத்துக்கு நேராக இழுத்துப் பிடித்து ஊசித் துளை உண்டா என்று பாருங்கள், இருந்தால் புதிது போடுங்கள். தண்ணீர் மேல் அறைக்குப் போகும் சிறு துளையையும் மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்துக்கொண்டாலும் வால்வு மூடாது. திருகுகளை எதிரெதிராகச் சமமாக இறுக்குங்கள். மணல் மறுபடி வந்தால் 120 மெஷ் ஃபில்டரை வால்வுகளுக்கு முன்னால் போடாமல் தீராது.

வால்வு திறக்கவே மறுக்கிறதே?

வால்வின் மேலுள்ள மின்சுருளான சோலனாய்டைக் கையால் கால் சுற்று திருப்புங்கள். தண்ணீர் வந்தால் கோளாறு மின்பக்கம். மல்டிமீட்டரில் சுருளின் மின்தடை 20 முதல் 60 ஓம் வரை காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் சுருளோ வயரோ அறுந்திருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் வயர் இணைப்புக்கு இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றியிருந்தால் முதலில் அங்கே பாருங்கள், ஜெல் நிரப்பிய கனெக்டர் போடுங்கள்.

மண்ணுக்கடியில் கசிவு இருக்கிறதா என்று தோண்டாமல் அறிய முடியுமா?

முடியும். வீட்டுக்குள் எதுவும் ஓடாதபோது மீட்டரில் உள்ள சிறு சுழலியைப் பாருங்கள். சுழன்றால் தோட்டத்துக்குப் பிரியும் இடத்தில் உள்ள கைவால்வை மூடுங்கள். சுழலி நின்றால் கசிவு தோட்டப் பக்கம், நிற்காவிட்டால் வீட்டுப் பக்கம். சோலனாய்டு வால்வுக்குப் பிறகு உள்ள பைப், மண்டலம் ஓடும்போது மட்டுமே கசியும். அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு மண்டலத்தையும் தனியே ஓடவிட்டு, மீட்டர் காட்டும் நிமிட அளவை நாசில்களின் மொத்த அளவோடு ஒப்பிடுங்கள்.

மாதம் ஒரு முறை பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு மண்டலத்தையும் இரண்டு நிமிடம் ஓடவிட்டு நடந்து பாருங்கள். எல்லாம் ஆள் பார்க்காத நேரத்தில் ஓடுவதால், உடைந்த ஹெட் வாரக்கணக்கில் தெரியாமல் போகிறது. நாசில் கழன்ற ஒரு ஹெட் நிமிடத்துக்கு 30 லிட்டர் கொட்டினால் 15 நிமிடத்தில் 450 லிட்டர். அந்த மண்டலத்தின் மற்ற ஹெட்டுகள் சோர்ந்து வீசுவதே அதற்கு அடையாளம்.

செடிகளையும் அதே லைனில் சேர்க்கலாமா?

வேண்டாம். செடிகளுக்குத் தனி வால்வில் சொட்டுநீர். வேர் ஆழம் வேறு, தேவை வேறு, அழுத்தமும் வேறு.

குளியலறைத் தண்ணீரையோ மழைநீரையோ பயன்படுத்தலாமா?

குளித்த, துவைத்த தண்ணீரைத் தெளிப்பானில் விடக் கூடாது. நுண்துளியாகக் காற்றில் பறந்து மூச்சில் போகும். கிருமி பரவும் வழி அது. மண்ணுக்கடியில் விடும் அமைப்புக்கு மட்டுமே அது ஏற்றது. தெளிப்பான் லைன் குடிநீர் இணைப்பிலிருந்து பிரிகிறது என்றால் பின்னோட்டத் தடுப்பு வால்வும் தவிர்க்க முடியாதது. இல்லாவிட்டால் அழுத்தம் விழும்போது உரமும் மண்ணும் கலந்த தண்ணீர் வீட்டுக் குழாய்க்குள் உறிஞ்சப்படும்.

மழைநீர் நல்லது. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 800 லிட்டருக்குக் குறையாமல் சேரும். ஆனால் கோடையில் வாரம் 2,500 லிட்டர் கேட்கும் புல்வெளிக்கு 5,000 லிட்டர் தொட்டி இரண்டு வாரம்தான்.

மழை சென்சார், ஸ்மார்ட் கன்ட்ரோலர் எல்லாம் தேவையா?

மழை சென்சார் கட்டாயம். உள்ளே உள்ள தட்டுகள் ஈரத்தில் உப்பி இணைப்பைத் துண்டிக்கும், 6 மி.மீ.யில் அமைத்து, கூரை விளிம்புக்கு அடியில் அல்லாமல் திறந்த வானத்தின் கீழ் மாட்டுங்கள். ஸ்மார்ட் கன்ட்ரோலர் வானிலையைப் பார்த்துத் தானே நிமிடங்களை மாற்றும். ஆனால் மண் வகை, நாசில் வகை, மி.மீ. அளவு மூன்றையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். கப் வைத்து அளக்காமல் உத்தேசமாகக் கொடுத்தால் உத்தேசமாகவே ஊற்றும்.

புல்வெளியைக் குறைத்தால் எவ்வளவு மிச்சமாகும்?

ஒவ்வொரு 10 சதுர மீட்டருக்கும் கோடையில் வாரம் 250 லிட்டர், அதுவும் உச்ச விலைத் தண்ணீர். முதலில் எடுக்க வேண்டியது 1.5 மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள ஓரக்கீற்றுகளை. அங்கே எந்த நாசில் வைத்தாலும் பெரும்பகுதி சுவரிலும் நடைபாதையிலும்தான் விழும். புல்லை எடுத்துவிட்டு அந்த ஹெட்டுகளின் நாசிலுக்குப் பதில் மூடி திருகுங்கள். பக்கத்து ஹெட்டுகள் புதிய எல்லைக்கு வெளியே வீசினால் அவற்றின் கோணத்தைக் குறையுங்கள். அதன் பிறகு டப்பாக்களை மறுபடி வைத்துப் பார்த்து நிமிடங்களை மாற்றுங்கள், மண்டலத்தில் ஹெட் குறைந்ததால் அழுத்தம் ஏறியிருக்கும்.